எதிரி இல்லாத வீடு

அத்தியாயம் 3

குற்றவாளி என்று மரியசுந்தரம் முடிவுகட்டிவிட்ட லியோ பிரகாஷ், அந்தக் காலையில் ஊருக்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

சூசைபாளையம் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தேர்த் திருநாள் பிரியாணிக்கு அண்டா ஏற்றியாகிவிட்டது. மூட்டை மூட்டையாக வெங்காயம். நடுவில் லியோ, கண்ணில் தண்ணீர் தாரையாக வழிய.

"அக்கா, சந்தேக நபர் அழுவுறாரு. கேஸ் முடிஞ்சிது. வூட்டுக்குப் போலாமா?" ஆனி மேரி ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டாள்.

பின்சீட்டிலிருந்து விஜயகுமாரி இறங்கினார். வில்லியனூரில் இவருடைய துப்பறியும் நிலையம் எங்கே என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. 'மாப்பிள்ளை விசாரிக்கிற அம்மா' என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பையன் குடிக்கிறான், எவனுக்கு ஏற்கெனவே ஒரு காதல் இருந்தது, எவன் வேலை பார்ப்பதாகச் சொல்லும் கம்பெனி உலகத்திலேயே கிடையாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனி மேரி அவருடைய உதவியாளர். அவள் வாய்க்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

இப்போது கேஸ் மாப்பிள்ளை பற்றியது அல்ல. டி.வி. பற்றியது.

"மேடம், வந்துட்டீங்களா!" ஜோஸ்பின் ஓடிவந்தாள். கழுத்தில் ஒயர், கையில் லேப்டாப், முகத்தில் தூக்கமே இல்லை. வீட்டு டி.வி.யில் மாட்டினால் இன்டர்நெட் வழியாகப் படம் கொண்டுவரும் 'ஊர்ப்பெட்டி' இவளுடைய தொழில். லியோ இவளிடம் வேலை பார்க்கும் டெக்னீஷியன், கோயில் மைக் செட்டுக்கும் அவன்தான்.

"மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லும்மா. ஆனிக்குப் புரியிற மாதிரி" என்றார் விஜயகுமாரி. அவருக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

ஜோஸ்பின் அண்டாவைக் காட்டினாள். "பந்தியில சாம்பார் வாளி தூக்க ஒரே ஆள் இருந்தா, கடைசி எலைக்குப் போறதுக்குள்ள மோர் வந்துடும் இல்லியா? அதனால நான் மொதல் நாலஞ்சு எலைக்குத்தான் ஊத்துவேன். மத்தவங்க அவங்ககிட்டேர்ந்து வாங்கிக்குவாங்க. அவங்ககிட்டேர்ந்து இன்னும் சிலபேர். நேரலைப் படமும் அப்படித்தான். ஒரு வீட்டுப் பெட்டி இன்னொரு வீட்டுப் பெட்டிக்குத் தரும். யார்கிட்ட கேட்டு வாங்குறதுன்னு பெட்டியே முடிவு பண்ணும்."

"எப்டி? ஜாதகம் பாத்தா?" என்றாள் ஆனி.

"மொதல்ல அதுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ண மூடிக்கினு நாலு வீட்டக் கேட்டுப் பாக்கும். எந்த வீடு தடங்கல் இல்லாம குடுக்குதோ அத ஞாபகம் வெச்சிக்கும். அடுத்த தடவை நேரா அங்கதான் போகும்."

"நல்ல எடமா பாத்து ஒட்டிக்கும். நம்ம ஊரு மருமவனுங்க மாதிரி."

யார் வீட்டிலிருந்து படம் வருகிறது என்று டி.வி. மூலையில் பெயரும் வரும். இது ஜோஸ்பின் போட்ட ஏற்பாடு. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் நன்றியோடு இருப்பார்கள் என்று நினைத்தாளாம். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்த பெண், ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

கொடியேறிய நாளிலிருந்து தினமும் சாயங்காலம் சின்னச் சப்பரம் ஊரைச் சுற்றி வருகிறது. ஜோஸ்பினின் கேமரா கூடவே போகிறது. இங்கே சமையல்கட்டை விட்டு நகர முடியாதவர்கள், மடுகரை, கிருமாம்பாக்கம், நல்லவாடு வரைக்கும் உள்ள சொந்தபந்தம், வேண்டுதல் வைத்தவர்கள் என்று எல்லாரும் பெட்டியில் பார்க்கிறார்கள். சப்பரம் கோயில் வாசலுக்குத் திரும்பும்வரை படம் பளிங்கு மாதிரி ஓடும். ஃபாதர் ஆசீர்வாதம் கொடுக்கக் கையைத் தூக்கினதும் நின்றுவிடும். தூக்கிய கை தூக்கியபடியே இருக்கும். மூலையில் ஒரே பெயர்: 'லியோ பிரகாஷ் வீட்டிலிருந்து'. எல்லா வீட்டிலும் அதே பெயர்.

"நான் ஒண்ணுமே பண்லக்கா" என்றான் லியோ, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இது வெங்காயத்துக்கு வர்ற கண்ணீர். ஆனா கொஞ்சம் எனக்கும் வருது."

அந்த நேரம் பார்த்து மரியசுந்தரம் வந்தார். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவைக்குத் தலைவர் ஃபாதர்தான், இவர் துணைத்தலைவர். ஆனாலும் 'தலைவரே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

"விசாரணையெல்லாம் நடக்கட்டும்மா. நான் குறுக்க வரல" என்றார். "எங்க அக்கா கிருமாம்பாக்கத்துல இடுப்பு ஒடைஞ்சு படுத்துகினு கெடக்கு. நடமாட்டத்தோட இருந்தவரைக்கும் ஒரு தேர் விட்டதில்ல. தெனமும் டி.வி. எதிர்ல கைகூப்பிக்கினு ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்குது. தெனமும் இவன் நிறுத்துறான். இன்னைக்குப் பெரிய தேர். இன்னைக்கும் நின்னுச்சுன்னா, புகாரோட ஸ்டேஷனுக்குப் போறேன். ஜோஸ்பின் பெட்டி ஊருக்குள்ள ஒண்ணு இருக்காது."

"தலைவரே, அவ்ளோ சந்தேகம்னா உங்க அக்கா வூட்டுக்கு அவன்கிட்டேர்ந்து படம் வராத மாதிரி பண்ணிடலாமே?" என்றாள் ஆனி.

"ஆதாரம் கலைஞ்சிடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். வழக்கை அவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருந்தார்.

"பேசாம என் வூட்டுப் பெட்டிய அணைச்சிடட்டுமா?" என்றான் லியோ.

"அணைச்சா 'பாத்தியா, அவன்தான்'னுவாங்க" என்றார் விஜயகுமாரி. "ஸ்டேஷன்ல ஒரு தடவை பேர் ஏறிச்சுன்னா இறங்காதுப்பா. அப்புறம் யாரு உன்ன வூட்டுக்குள்ள விட்டு ஒயர் மாட்டச் சொல்லுவாங்க? சாயங்காலம் வரைக்கும் எதையும் தொடாத. வெங்காயத்தத் தவிர."

முதல் வீடு கோயிலுக்கு எதிர்ச்சந்து. அந்தோணி மேரி வீடு. விருந்தாளிகளுக்காகக் கேசரி கிளறிவிட்டு, டி.வி. முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காலைப் பூசை நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது.

"லியோவா? தங்கம்மா அந்தப் புள்ள! எங்க மோட்டார் எரிஞ்சப்ப ராவோட ராவா வந்து மாத்திக் குடுத்தான். ஒரு காப்பி குடிக்கல. அவன் மேல எவன் பழி சொன்னாலும் நாக்கு அழுவிடும்."

"அக்கம்பக்கம்லாம் எப்டி?"

அந்தோணி மேரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகப் பல வருடம் காத்திருந்தவர் மாதிரி தெரிந்தது. பக்கத்து வீட்டு சேவியர்ராஜின் முருங்கை மரம், அது இவர் சுவரைத் தாண்டி எட்டிப்பார்த்தது, தாண்டிய பாகத்தில் காய்த்த காய் யாருக்கு என்ற வழக்கு, சேவியர்ராஜின் பெண்டாட்டி நடையில் ஒரு திமிர் என்று வரிசையாக வந்தது. பேச்சு வேகத்தில் கையிலிருந்த ரிமோட்டைத் துப்பாக்கி மாதிரி டி.வி.யை நோக்கி ஒருமுறை அழுத்தினார். படம் லேசாக ஆடி, மறுபடி சரியாயிற்று. அவர் பேச்சு மட்டும் ஆடவே இல்லை.

வெளியே வந்ததும் விஜயகுமாரி கேட்டார். "அந்தம்மா பேசிக்கினே எதையோ அழுத்துச்சே, பாத்தியா?"

"சேவியர்ராஜ் கழுத்துன்னு நெனைச்சு அழுத்தியிருக்கும்."

மடுகரைக்கு ஸ்கூட்டர் போனது. அங்கே பலராமன் வீடு. கரும்பு விவசாயி. போர் போட்டபோது தண்ணீர் வரவேண்டும் என்று சூசையப்பருக்கு வேண்டிக்கொண்டு, வந்ததிலிருந்து வருடாவருடம் தேருக்கு மாலை அனுப்புகிறவர். அவர் வீட்டுச் சுவரில் பிள்ளையாரும் சூசையப்பரும் ஒரே சட்டத்தில் இருந்தார்கள்.

"லியோ தம்பியா? அதுமாதிரி பையன் கெடைக்குமா?" என்றார் பலராமன். "எங்க பம்பு ஷெட்டுல பாம்பு பூந்துகிச்சு. கம்பம் ஏற வந்தவன், எறங்கி பாம்பப் புடிச்சு விட்டுட்டு, திரும்பக் கம்பம் ஏறினான்."

"மத்தவங்க?"

"மத்தவங்களா?" பலராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். வாய்க்கால் மடையை அடைத்த பங்காளி, கல்யாணப் பந்தியில் தனக்கு வடை வைக்காத சம்பந்தி, வழியில் டிராக்டரை நிறுத்தும் எதிர்வீட்டுக்காரர் என்று ஒருவரும் மிச்சமில்லை.

விஜயகுமாரி சுவாரசியம் இல்லாதவர் மாதிரி மேஜையிலிருந்த ரிமோட்டை எடுத்தார். வாங்கின நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. நம் ஊரில் ரிமோட் என்றால் அப்படித்தான், உள்ளே இருப்பதைவிட உறைக்கு மரியாதை அதிகம். ஆனால் அந்த உறையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஓட்டை. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து கிழிந்த ஓட்டை. அதன் வழியே ஒரு சிவப்புப் பட்டன் எட்டிப்பார்த்தது. பெயிண்ட் பாதி போயிருந்தது.

சத்தம் கூட்டும் பட்டன் மேல் உறை புத்தம்புதுசாக இருந்தது.

விஜயகுமாரி ரிமோட்டை இருந்த இடத்தில் வைத்தார். "வரேங்க" என்றார்.

கிருமாம்பாக்கம் சாலை ஓரத்தில் கரும்புச் சாறு வண்டி. கடலூர் பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஆனி இரண்டாவது டம்ளரில் இருந்தாள்.

"எனக்கு இது செரிக்கலடி" என்றார் விஜயகுமாரி.

"ஐஸ் போடாதன்னு சொல்லியிருக்கணும்."

"அது இல்ல. எத்தினி மாப்ளைய விசாரிச்சிருக்கேன். பெத்த தாய்கூட ஒரு குறை சொல்லும். 'கொஞ்சம் சோம்பேறி'ன்னாவது சொல்லும். இவனப் பத்தி ஒரு ஆள்கூட ஒரு வார்த்த தப்பா சொல்லல. ஆனா அதே ஆளுங்க, மத்தவங்க ஒருத்தரையும் விட்டு வைக்கல."

"புரியுதுக்கா. ஊர்ல ஒரே ஒரு நல்லவன்தான் இருக்கான். அவனத்தான் ஸ்டேஷனுக்கு அனுப்பப் போறாங்க."

விஜயகுமாரி டம்ளரை வைத்துவிட்டு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "ஜோஸ்பின், உன் ரிமோட்ல ஒரு சிவப்பு பட்டன் இருக்கே, அது இன்னாத்துக்கு?"

மறுமுனையில் ஜோஸ்பின் சிரித்தாள்.

"அதுவா மேடம்... மூலையில வர்ற பேரப் பாத்து 'இந்த வீட்டிலிருந்து வேண்டாம்'னு பெட்டிக்குச் சொல்ற பட்டன். ஒரு தடவை அழுத்தினா வேண்டாம், ரிமோட் கையில இல்லன்னா போன்லயும் அழுத்தலாம். வேணும்னா அந்தப் பேர எடுத்து திரும்ப அழுத்திக்கலாம். சும்மா ஒரு வசதிக்குத்தான் வெச்சேன். அத யாரு அழுத்தப் போறாங்க?"

ஆனிக்குக் கரும்புச் சாறு மூக்கில் ஏறியது.

"யாரு அழுத்திருக்காங்கன்னு பாத்துச் சொல்லு" என்றார் விஜயகுமாரி.

லேப்டாப் தட்டும் சத்தம். அப்புறம் "மாதாவே" என்ற சத்தம். "மேடம்... பாதி ஊரு மீதி ஊர வேண்டாம்னு வெச்சிருக்கு! அண்ணன் தம்பிய, தம்பி சித்தப்பாவ, சித்தப்பா எதிர்வீட்ட... மரியசுந்தரம் சார் மட்டும் ஒரு தெருவையே வேண்டாம்னு வெச்சிருக்காரு!"

"லியோ வூட்ட?"

மறுபடி லேப்டாப் தட்டும் சத்தம், இந்த முறை நீளமாக.

"ஒருத்தர்கூட இல்ல மேடம்."

"அதான் அவன் செஞ்ச குத்தம்" என்றார் விஜயகுமாரி. "எதிரியே இல்லாத ஒரே வூடு. உன் பெட்டிங்க ஒவ்வொண்ணும் எங்க போனாலும் கதவு சாத்தியிருக்குது. கடைசியா எல்லாம் அவன் வாசல்ல வந்து நிக்குது. மத்த நேரத்துல பாக்குறவங்க கம்மி, அவன் பெட்டி சமாளிச்சிடுது. ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் ஒண்ணா டி.வி.ய போடுறாங்க. ஒரு வாளி, ஊர் மொத்தமும் எலை. வாளி காலி."

"சரி, வெளியூர்க்காரங்க இருக்காங்களே?" என்று ஆனி போனுக்குள் எட்டிப் பேசினாள். "நல்லவாட்டு ஜனங்களுக்கும் இவங்களுக்கும் இன்னா சண்டை? முருங்கை மரம் அவ்ளோ தூரம் எட்டாதே?"

"சண்டை இல்ல ஆனி. ஆனா நம்ம பெட்டிங்க அங்க போயி கேட்டதே இல்ல. தெரியாத வீடு, குடுக்குமோ குடுக்காதோ, பாதியில விட்டுடுமோன்னு அதுக்குத் தெரியாது. லியோ வீடு இதுவரைக்கும் நல்லா குடுத்திருக்கு. அத விட்டுட்டுப் புதுசா ஒருத்தர எதுக்குச் சோதிச்சுப் பாக்கணும்னு இருந்துடுது."

"தெரிஞ்சவன்கூடச் சண்டை, தெரியாதவன் மேல சந்தேகம். சந்தேகமே இல்லக்கா, பெட்டி நம்ம ஊர்லதான் வளந்திருக்கு."

"அந்தப் பட்டன இப்பவே செத்துப்போக வைக்க முடியுமா?" என்றார் விஜயகுமாரி.

"எல்லாப் பெட்டியையும் அணைச்சுப் போடணும் மேடம். போன தடவை அப்டிப் பண்ணி எல்லாம் திரும்ப உயிர் வர மறுநாள் ஆயிடுச்சு. இன்னைக்கு முடியாது."

"அப்ப ஒரே வழிதான்." விஜயகுமாரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "தேர் கெளம்புறதுக்குள்ள லியோவுக்கு எதிரிங்க வேணும். நெறைய."

ஜோஸ்பின் பெண் கெட்டிக்காரி. உடனே பிடித்துக்கொண்டாள். "ஆமா மேடம்! மதியமே லியோ வீட்ட வேண்டாம்னுட்டா, பெட்டிங்களுக்குத் தெரியாத வீட்ட கேட்டுப் பாக்குறதத் தவிர வேற வழியில்ல. இப்ப பாக்குறவங்க கம்மி. நாலு வீட்டச் சோதிச்சு, நல்லத ஞாபகம் வெச்சிக்க நேரம் இருக்கு. தேர் வர்றதுக்குள்ள ஆளாளுக்கு ஒரு புது வீடு கெடைச்சிருக்கும்!"

கொட்டகையில் லியோவிடம் விஷயத்தைச் சொன்னபோது, வெங்காயம் முடிந்து பூண்டுக்கு வந்திருந்தான்.

"நான் எல்லார்கிட்டயும் போயி சண்டை போடணுமா?" என்றான் பயந்துபோய்.

"ஆமா. உன் நல்ல பேரு இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் உனக்கு வேணாம். இல்லன்னா ஸ்டேஷன். எது?"

லியோ பூண்டைப் பார்த்தான், விஜயகுமாரியைப் பார்த்தான். "பேரே போகட்டும்க்கா. ஸ்டேஷன் வேணாம். அம்மா நேத்துலேர்ந்து யார் மூஞ்சியையும் பாக்காம உள்ளயே உக்காந்துகினு இருக்கு" என்று எழுந்தான். அந்தோணி மேரி வீட்டை நோக்கிச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போனான்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டு நிறையக் கேசரி இருந்தது. தோளில் கேஸ் சிலிண்டர் தூக்கிய அழுக்கு.

"சண்டை போட்டியா?" என்றாள் ஆனி.

"போடத்தான் போனேன். சிலிண்டர் மாத்தணும்னாங்க. அப்புறம் எப்டி..."

"நீ உக்காரு. இது உனக்கு வராது. கேசரிய இப்படிக் குடு."

ஆனி மேரி களத்தில் இறங்கினாள். முதலில் அந்தோணி மேரி வீட்டுச் சந்து. "அத்த, லியோ உங்க கேசரி சாப்ட்டானா? ஒண்ணும் இல்ல, கொட்டகையில சொல்லிகினு இருந்தான். செவுத்துக்குப் பூசினா வெடிப்பு விடாதாம்." அந்தோணி மேரியின் வாய் மூடவே இல்லை. விரல் மட்டும் ரிமோட்டைத் தேடியது.

மடுகரைக்குப் போன் போட்டாள். "பெரிப்பா, லியோ உங்க கரும்ப பாத்துட்டு 'நாணலா?'ன்னு கேட்டானாமே?" சேவியர்ராஜ் வீட்டில், அவர் முருங்கைக்காயில் நார்தான் இருக்கிறது, சதை அந்தோணி மேரி பக்கம் காய்ப்பதில்தான் என்று லியோ தீர்ப்புச் சொன்னதாகச் சொன்னாள். இளம்பெண்கள் இருந்த வீட்டில் அவன் அந்தப் பெண்கள் போட்டோவைப் பார்த்துக் கொட்டாவி விட்டதாகச் சொன்னாள். ஒவ்வொரு வீட்டுக்கும் அளவெடுத்துத் தைத்த வதந்தி. இந்த வேலையை நம்மிடம் கொடுத்திருந்தால் இன்னும் சுருக்கமாக முடித்திருப்போம். ஆனாலும் சின்னப் பெண், குறை சொல்ல முடியாது.

மரியசுந்தரத்துக்கு என்ன சொல்வதென்று அவள் யோசிக்கவே இல்லை. "தலைவரே, நீங்க நிஜத் தலைவரே இல்ல, துணைதான்னு லியோ கொட்டகையில ஒருத்தர் விடாம சொல்லிகினு இருக்கான்." அவர் போனிலேயே தன் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் சேர்த்துச் சிவப்புப் பட்டனை அழுத்தினார். ஆதாரத்தைப் பற்றிய கவலை அத்தோடு போயிற்று.

மாலைப் பூசை ஆரம்பித்தபோது ஜோஸ்பினின் வேன் கோயில் மதிலோரம் நின்றது. உள்ளே லேப்டாப்பில் வீடுகள் புள்ளிகளாக மின்னின.

"பாருங்க மேடம். அந்தோணி மேரி பெட்டி ஒரு தெரியாத வீட்டக் கேட்டுச்சு. அது சரியா தரல. விட்டுடுச்சு. இன்னொண்ண கேக்குது... இது தருது! நல்லவாட்டுல சின்னபொண்ணுன்னு ஒருத்தங்க வீடு."

"சின்னபொண்ணு யாரு?"

"யாருக்குத் தெரியும்? அந்தோணி மேரிக்கும் தெரியாது. அதான் அழுத்தல."

தேர் கிளம்பியது. சீரியல் பல்பும் ரோஜாவுமாகச் சூசையப்பர் அசைந்து வந்தார். பேண்டு முழங்கியது. புள்ளிகள் பெருகின. கோயில் வாசலுக்குத் தேர் திரும்பியபோது ஜோஸ்பின் நகத்தைக் கடித்தாள். லியோ வேனுக்குள் கண்ணை மூடிக்கொண்டான்.

ஃபாதர் கையைத் தூக்கினார். கை இறங்கியது. சிலுவை வரைந்தது. படம் ஓடிக்கொண்டே இருந்தது.

மரியசுந்தரத்தின் போன் அடித்தது. அக்கா. பேசிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் நேராக மைக்கை நோக்கி நடந்தார்.

"இவர் எங்க போறாரு?" என்றார் விஜயகுமாரி.

"அன்பார்ந்த இறைமக்களே!" மைக் முழங்கியது. "தேர் நிலைக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். எங்க அக்கா இன்னைக்கு ஆசீர்வாதத்த முழுசா பாத்துடுச்சு, நிறுத்துறவன் பெரிய தேர் அன்னைக்கா விட்டுடுவான்? லியோ பிரகாஷ் தம்பிய நான் தப்பா நெனைச்சிட்டேன். இன்னைக்கு ஏதேதோ கோவத்துல சிலபேர் அவன்மேல வருத்தமா இருக்கறதா தெரியுது. திருநாள் அதுவுமா எல்லாரும் அவன மன்னிச்சு—"

"ஐயையோ, மன்னிக்கிறாரு!" ஜோஸ்பின் அலறினாள். "எல்லாரும் சிவப்பு பட்டன திரும்ப அழுத்திட்டா எல்லாப் பெட்டியும் பழையபடி லியோகிட்ட வந்துடும்! தேர் இன்னும் நிலைக்குப் போகல! கூட்டம் மொத்தமும் பாத்துகினு இருக்கு!"

"லியோ!" விஜயகுமாரி அவன் முதுகில் ஒரு அடி வைத்தார். "ஓடு! அவரு மன்னிக்க முடியாத மாதிரி எதையாவது சொல்லு!"

லியோ ஓடினான். தேர்வடத்தைத் தாண்டி, பேண்டு செட்டைத் தாண்டி, மைக் முன்னால் போய் நின்றான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் ஒருவரையும் புண்படுத்தாதவனுக்குத் திடீரென்று எங்கிருந்து வரும்?

மரியசுந்தரம் இரு கையையும் விரித்து அவனைக் கட்டிப்பிடிக்க வந்தார்.

"தலைவரே!" என்றான் லியோ. "நீங்க கோயில்ல பாட்டு பாடுறப்பல்லாம் உங்க மைக்க நான்தான் அணைச்சு வைப்பேன்."

விரித்த கை அப்படியே நின்றது.

"எப்பேர்ந்து?" என்றார் மெதுவாக. அதுவும் மைக்கில் கேட்டது.

"நீங்க பாடகர் குழுவுல சேந்த நாள்லேர்ந்து. உங்க கொரல இந்த ஊரு கேட்டதே இல்ல."

"நல்லா பாடுறீங்கன்னு எல்லாரும் சொன்னாங்களே?"

"அதனாலதான் சொன்னாங்க."

முதலில் சிரித்தது ஃபாதர். வாயில் அங்கியை வைத்து மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. அடுத்து பாடகர் குழு. அப்புறம் பேண்டு செட். பிறகு தேர் இழுப்பவர்கள் வடத்தை விட்டுவிட்டுக் கைதட்டி, மறுபடி பிடித்தார்கள். எந்தப் பாவத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பு கிடைத்து இந்த ஊர் பார்த்ததில்லை.

வேனில் ஜோஸ்பின் தலையில் கையை வைத்தாள். "போச்சு! எல்லாரும் அழுத்துறாங்க மேடம்! அந்தோணி மேரி எடுத்துட்டாங்க, பலராமன் எடுத்துட்டாரு, சேவியர்ராஜ்... ஊரே லியோவ வேணும்னு வெச்சிடுச்சு!"

"படம்?" என்றார் விஜயகுமாரி.

ஜோஸ்பின் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். சூசையப்பர் பூமாரிக்கு நடுவில், ஒரு புள்ளிகூட உடையாமல், நிலைக்கு வந்துகொண்டிருந்தார்.

"ஓடுது..." என்றாள். "மேடம், பெட்டிங்க அசையவே இல்ல! அதுங்களுக்குத்தான் இப்ப நல்லா தர்ற வேற வீடு கெடைச்சிடுச்சே. எதுக்குத் திரும்பி வரணும்?"

மரியசுந்தரம் மைக்கை விட்டு இறங்கி வேன் பக்கம் வந்தார். முகம் தேரின் ரோஜாவைவிடச் சிவப்பு. சட்டைப் பையிலிருந்து மடித்த புகாரை எடுத்துக் கிழித்தார்.

"டி.வி.க்காக எழுதினது இது, செல்லாது" என்றார். "பாட்டுக்காகப் புதுசா எழுதலாமான்னு யோசிக்கிறேன்."

"எழுதுங்க தலைவரே. சாட்சிக்கு ஊர் மொத்தமும் வரும், அவன் பக்கம்" என்றாள் ஆனி.

அவர் போனை எடுத்து, எல்லாரும் பார்க்க, லியோ வீட்டு மேல் போட்ட 'வேண்டாம்' பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டு போனார். ஊரில் மிச்சமிருந்த ஒரே எதிரி.

லியோ வேனுக்குள் தலையை நீட்டினான். "மேடம், என் வூட்டுக்கு இப்ப எத்தினி பேர் வந்திருக்காங்க?"

"ஒருத்தரும் இல்ல லியோ."

"ஒருத்தர்கூடவா?" அவன் முகம் விழுந்தது. "நான் எப்பவும் நல்லாத்தான குடுத்தேன்?"

அவனுடைய போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், தலைவர் பாட்ட நிறுத்தினது நீயாடா?"

"ஆமாம்மா... மன்னிச்சிடும்மா."

"அடப்பாவி! சூசையப்பர்தான் நிறுத்துறாருன்னு வாராவாரம் நான் அவருக்கு மெழுகுவத்தி ஏத்திகினு இருக்கேன்டா!"